கடையைத் திட்டும் கவிதை, கடைக்குள் நடக்கும் கவிதை

மழைக்காகிதம்

கொஞ்ச நாளாக இந்த மன்றத்தில் கேட்க நினைத்துக்கொண்டிருந்த விஷயம். நுகர்வு வெறியையும் இன்றைய தனிமையையும் பற்றிய கவிதைகளைத் தேடித் தேடிப் படித்து வருகிறேன். பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. கைபேசி வில்லன், பேரங்காடி வில்லன், விளம்பரம் வில்லன். கவிஞர் மட்டும் வெளியே மரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களுக்காக வருத்தப்படுகிறார். அந்த வருத்தத்தைப் பதிவேற்றியதும் அதே கைபேசியில்தான்.

இதற்கு நேர் எதிரான கவிதை என்று எனக்குத் தோன்றுவது, அமெரிக்கக் கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க் 1955இல் எழுதிய 'கலிபோர்னியாவில் ஒரு சூப்பர்மார்க்கெட்'. தலைவலியோடு இரவில் தெருவில் நடக்கும் ஒருவர், நியான் வெளிச்சத்தில் பழங்கள் மின்னும் கடைக்குள் நுழைகிறார். எதற்கு? படிமங்கள் வாங்க. உள்ளே குடும்பம் குடும்பமாக வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அடுக்குகளுக்கு நடுவே கணவர்கள், வெண்ணெய்ப்பழக் குவியலில் மனைவிகள், தக்காளிக்குள் குழந்தைகள். அங்கே கவிஞர் வால்ட் விட்மன் நிற்கிறார், 1892இலேயே இறந்துபோனவர். பிள்ளை இல்லாத தனிக்கிழவராக, இறைச்சிப் பெட்டியைக் கிளறிக்கொண்டு, கடைப் பையன்களை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு. இருவரும் கண்ணில் பட்டதையெல்லாம் ருசி பார்க்கிறார்கள், காசாளர் பக்கமே போவதில்லை. இன்னும் ஒரு மணி நேரத்தில் கதவை மூடிவிடுவார்கள். அப்புறம் எங்கே போவது என்று விட்மனைக் கேட்கிறார்.

எனக்குப் பிடித்தது இதுதான்: பேசுகிறவர் தன்னைக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளவில்லை. அவரும் வாங்க வந்தவர். கடையில் இருக்கும்வரை கூட்டம் இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது. கதவுக்கு வெளியேதான் தனிமை காத்திருக்கிறது. கடைமேல் அவருக்கு ஒருவகை ஆசைகூட இருக்கிறது, அதை அவர் மறைக்கவில்லை.

கேள்வி இதுதான். நுகர்வைத் திட்டும் கவிதை எதையாவது சாதிக்கிறதா? கடைக்குள் போய் நிற்கும் கவிதைகள் வேறு எவை?

ஒற்றைவரி

பாரதியின் 'தேடிச் சோறு நிதந்தின்று' வந்து சேர்வதற்குள் இழையைப் பூட்டிவிடலாமா?

கடைசிப்பக்கம்

விட்மனை இழுத்துவிட்டீர்கள், அவர் கதையை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். 1855இல் அவருடைய கவிதைத் தொகுப்பு 'புல்லின் இதழ்கள்' வந்தது. அந்நாளின் பெரிய எழுத்தாளர் எமர்சன் பாராட்டித் தனிப்பட்ட கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு இரண்டாம் பதிப்பின் முதுகில் அந்தக் கடிதத்தின் ஒரு வாக்கியத்தைப் பொன்னெழுத்தில் அச்சடித்து விற்றார் விட்மன். எமர்சனிடம் அனுமதி கேட்கவில்லை. தன் புத்தகத்துக்குத் தானே பெயர் போடாமல் மதிப்புரை எழுதியும் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். இன்று அட்டையில் பாராட்டு வாசகம் இல்லாமல் நூல் வெளிவருகிறதா? அந்த வழக்கத்தின் முன்னோடிகளில் ஒருவர் அவர்.

அதோடு முடியவில்லை. 2009இல் லீவைஸ் ஜீன்ஸ் விளம்பரத்தில் விட்மனுடைய குரல் என்று நம்பப்படும் பழைய மெழுகு உருளைப் பதிவைப் பின்னணியில் ஓடவிட்டார்கள். 2014இல் ஆப்பிள் தன் ஐபேடு விளம்பரத்துக்கு, ஒரு திரைப்படத்தில் ஆசிரியர் பாத்திரம் விட்மன் வரிகளைச் சொல்லும் இடத்தை எடுத்துக்கொண்டது. அதாவது 1955இல் கின்ஸ்பெர்க் சூப்பர்மார்க்கெட்டில் கண்ட அந்தத் தனிக்கிழவரை நிரந்தரமாகவே அடுக்கில் எடுத்து வைத்துவிட்டார்கள்.

கவிதை நுகர்வை விமர்சிக்கிறது என்பதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. நல்ல கவிதையாக இருந்தால் அதையும் வாங்கிக்கொள்வார்கள். சோகமான நாலு வரியைப் படம்போட்டுப் பகிர்வதே இன்று ஒரு தொழில். தனிமை நன்றாக விற்கிறது.

நெய்தல்நிழல்

நண்பர்களே, இவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார், புறநானூறு 189. குடை நிழலில் உலகாளும் அரசனையும், இரவும் பகலும் தூங்காமல் விலங்கைத் துரத்தும் வேடனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டுச் சொல்கிறார்:

*உண்பது நாழி உடுப்பவை இரண்டே
பிறவும் எல்லாம் ஓரொக் குமே*

சாப்பிடுவது ஒரு நாழி தானியம், உடுத்துவது இரண்டு துணி, மற்றதெல்லாம் அப்படியே. கடைசி அடி இன்னும் பலமானது: 'துய்ப்பேம் எனினே தப்புந பலவே'. எல்லாவற்றையும் நாமே அனுபவிப்போம் என்று கிளம்பினால் தவறிப்போவது அதிகம். தள்ளுபடிக் கடைக்குப் போய்வந்த யாருக்கும் உரை தேவைப்படாத அடி.

தனிமைக்கும் நம்மிடம் இருக்கிறது. குறுந்தொகை 6, பதுமனார். நள்ளிரவு, எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு இனிமையாக அடங்கிவிட்டார்கள், அகன்ற உலகமே தூங்குகிறது: 'ஓர்யான் மன்ற துஞ்சா தேனே'. நான் ஒருத்திதான் தூங்கவில்லை. அன்று திரை இல்லை, அறிவிப்பு ஒலி இல்லை. ஆனால் நடுராத்திரி விழிப்பு இருந்திருக்கிறது.

அரைப்புள்ளி

ஐயா, மேற்கோள்களுக்கு வணக்கம். ஆனால் ஒரு முரண்பாடு. நக்கீரனார் பேசுவது செல்வம் உள்ளவனிடம். கொடு, கொடுப்பதுதான் செல்வத்தின் பயன் என்கிறார். பட்டினத்தார் 'காதற்ற ஊசியும் வாராது காண்' என்று சொல்வதும் சேர்த்து வைத்தவனிடம்தான். பழைய கவிதை எச்சரிப்பது இருப்பவனை. இன்றைய சந்தை அழைப்பது இல்லாதவனை. உன்னிடம் இது இல்லை, இது இல்லாததால்தான் உன்னை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்கிறது. அவனிடம் போய் 'உடுப்பவை இரண்டே' என்றால், தவணையில் வாங்கிய மூன்றாவது சட்டைக்குள் ஒளிந்துகொண்டு சிரிப்பான். துறவு வேறு, நுகர்வு விமர்சனம் வேறு.

குறுந்தொகைத் தலைவியும் அப்படித்தான். அவள் தனியாக இருப்பது ஒருவன் வராததால். வந்துவிட்டால் தீர்ந்துவிடும். இன்று நாம் பேசும் தனிமையில் வரவேண்டியவர் யார் என்றே தெரியாது. பிரெஞ்சுக் கவிஞர் போதலேர் அதைப் பிடித்துவிட்டார். கூட்டம் பற்றிய அவருடைய உரைநடைக் கவிதையில், செழிப்பான கற்பனையுள்ள கவிஞனுக்குப் பெருந்திரளும் தனிமையும் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளக்கூடியவை என்று எழுதினார். பாரிஸில் பெரிய பல்பொருள் அங்காடிகள் தலையெடுத்த காலம் அது. கூட்டத்துக்குள் சும்மா அலையும் ஊர்சுற்றியின் கடைசி உலாவிடம் பல்பொருள் அங்காடிதான் என்று பின்னாளில் போதலேரைப் படித்த ஜெர்மன் விமர்சகர் வால்டர் பெஞ்சமின் எழுதியதும் இதனால்தான்.

நெய்தல்நிழல்

தம்பி, வேறுபாட்டை ஏற்கிறேன். ஆனால் 'தப்புந பலவே' இருப்பவனுக்கு மட்டும் சொன்னது என்பதை ஏற்க மாட்டேன். வேடனையும் சேர்த்துத்தானே நிறுத்தினார்? அவன் கையில் என்ன செல்வம் இருந்தது? தூக்கம்கூட இல்லை.

எண்ணும்எழுத்தும்

கவிதை எனக்கு இரண்டாவது மொழி மாதிரி, சமூகவியல்தான் தொழில். உரையாடலில் விடுபட்ட ஒன்றைச் சேர்க்கிறேன். கடை எப்போது ஊமையானது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. முன்பு கடைக்காரரிடம் கேட்கவேண்டும், அவர் எடுத்துத் தரவேண்டும். 1916இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் பிக்லி விக்லி என்ற கடையைத் திறந்தார். வாங்குகிறவர் சுழல்கதவு வழியாக நுழைந்து, அடுக்குகளுக்கிடையே தானே நடந்து, தானே எடுத்து, கடைசியில் பணம் கட்டவேண்டும். ஆள்கூலி மிச்சம். 1937இல் ஓக்லஹோமாவில் தள்ளுவண்டி வந்தது. இப்போது காசாளரையும் எடுத்துவிட்டு இயந்திரம் வைக்கிறார்கள். கின்ஸ்பெர்க் கவிதையில் விட்மன் கேள்வி கேட்டுக்கொண்டே போகிறார் பாருங்கள்: இந்த இறைச்சியைக் கொன்றது யார், வாழைப்பழம் என்ன விலை, நீதான் என் தேவதையா. பதில் சொல்ல ஆள் இல்லாத கடையில் கேட்கும் கேள்விகள் அவை. 1916க்கு முந்தைய கடையில் முதல் இரண்டுக்காவது யாராவது பதில் சொல்லியிருப்பார்கள்.

இன்னொன்று. பொருளாசை தனிமையை உண்டாக்குகிறது என்று எல்லோரும் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நெதர்லாந்தில் ரிக் பீட்டர்ஸ் என்பவர் 2,500க்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2013இல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. தனிமை பொருளாசையைத் தூண்டும் வேகம், பொருளாசை தனிமையைத் தூண்டும் வேகத்தைவிட அதிகம். அதிலும் எல்லாப் பொருளாசையும் ஒன்றல்ல. பொருளை வெற்றியின் அளவுகோலாகவோ மகிழ்ச்சிக்கு மருந்தாகவோ வைத்திருப்பவர்களுக்குத்தான் தனிமை கூடுகிறது. வாங்குவதையும் பயன்படுத்துவதையும் சும்மா ரசிப்பவர்களுக்குக் குறையவும் செய்கிறது. ஆக, கவிஞர்கள் காரணத்தையும் விளைவையும் மாற்றிப்போட்டுத் திட்டிக்கொண்டிருக்கலாம்.

மழைக்காகிதம்

அந்தக் கேள்விகளை இப்படி நான் வாசித்ததே இல்லை. நன்றி.

ஆய்வு சொல்வதைக் கவிதைக்குள் வைத்துப் பார்க்கிறேன். கின்ஸ்பெர்க் கடைக்குள் நுழையும்போதே தனியாள். கடை அவரைத் தனியாளாக்கவில்லை. திட்டும் கவிதைகள் கடையிலிருந்து தொடங்குகின்றன, இது ஆளிலிருந்து தொடங்குகிறது. அதனால்தான் நிற்கிறது போலும்.

வாசகத்தொழிலாளி

இத்தனை நேரம் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். நான் பார்ப்பது விளம்பர வாசகம் எழுதும் வேலை. தனிமைதான் எங்கள் மூலப்பொருள், இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. 1920களின் லிஸ்டரின் விளம்பரங்களைத் தேடிப் பாருங்கள். அது கிருமிநாசினியாக இருந்த திரவம். வாய்நாற்றத்துக்கு ஒரு மருத்துவப் பெயரைத் தூசிதட்டி எடுத்து, அது இருந்தால் உனக்குத் திருமணம் நடக்காது, உயிர்த்தோழியும் முகத்துக்கு நேரே சொல்லமாட்டாள் என்று எழுதினார்கள். எப்போதும் மணத்தோழியாகவே நிற்கும் பெண்ணின் படம். விற்பனை எங்கேயோ போய்விட்டது. அவர்கள் விற்றது வாய் கொப்பளிக்கும் நீரா? யாரும் அருகில் வராமல் போய்விடுவார்களோ என்ற பயத்தை முதலில் கொடுத்தார்கள், நீரை அப்புறம் கொடுத்தார்கள்.

கவிஞர்கள் எங்களுக்கு எதிரணி என்ற பேச்சையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். 1955இல் ஃபோர்டு நிறுவனம் தன் புதிய காருக்குப் பெயர் வைக்கச் சொல்லி மேரியன் மூர் என்ற பெரிய கவிஞருக்குக் கடிதம் எழுதியது. அவர் மனமுவந்து பட்டியல் பட்டியலாக அனுப்பினார். அதில் ஒன்று 'உட்டோபியன் டர்டில்டாப்'. கற்பனை உலகின் ஆமைக்கூரை என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் எதையும் எடுக்கவில்லை, ஹென்றி ஃபோர்டின் மகன் பெயரையே வைத்து எட்சல் என்றது. 1957இல் சந்தைக்கு வந்து, 1959இல் உற்பத்தியையே நிறுத்தும்படி ஆனது. ஆமைக்கூரை என்று வைத்திருந்தாலும் விற்றிருக்காது, ஆனால் தோல்விக்காவது ஓர் அழகு இருந்திருக்கும்.

போர்ச்சுகீசியக் கவிஞர் பெசோவாவைப் பற்றி யாரும் பேசவில்லையே? 1928இல் 'புகையிலைக் கடை' எழுதினார். நான் ஒன்றுமில்லை, ஒருபோதும் ஒன்றுமாகப் போவதில்லை என்று ஆரம்பிக்கும். மேலே ஜன்னலோரத்தில் ஒருவர், எதிரே தெருவில் ஒரு கடை. ஏறக்குறைய அதே காலத்தில் அவர் விளம்பர நிறுவனத்துக்கும் எழுதிக் கொடுத்தார். போர்ச்சுகலில் கோக்க கோலாவுக்கு அவர் எழுதிய வாசகம் பிரபலம்: முதலில் அந்நியமாக இருக்கும், பிறகு உள்ளே ஊறிவிடும். ஒரே மனிதர், ஒரே மேசை. எனக்கு அதில் முரண்பாடே தெரியவில்லை.

கடைசிப்பக்கம்

முரண்பாடு தெரியாதது உங்கள் சம்பளத்தால் இருக்கலாம். 🙂

வாசகத்தொழிலாளி

இருக்கலாம். கவிதைத் தொகுப்புக்கு வரும் உரிமைத்தொகையில் ஒருவர் அந்த முரண்பாட்டைக் கண்டுபிடித்துக் காட்டட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

மட்டுறுத்துநர்

சம்பளம், உரிமைத்தொகை இரண்டுக்கும் தனி இழை உண்டு. இங்கே கவிதை.

அரைப்புள்ளி

'புகையிலைக் கடை' முடியும் இடம் இந்த இழைக்கு நேராகப் பொருந்துகிறது. அத்தனை வெறுமையும் பேசி முடித்தபின் ஒருவர் கடையிலிருந்து சில்லறையைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வருகிறார். தெரிந்தவர். கையசைக்கிறார். இவரும் பெயர் சொல்லிக் கத்துகிறார். கடை முதலாளி சிரிக்கிறார். அவ்வளவுதான். பெசோவாவின் அந்த ஒற்றைச் சிரிப்பு கடை வாசலில் நடக்கிறது, மரத்தடியில் நடக்கவில்லை. கடைக்கு எதிரான கவிதை என்ற வகைக்குள் இதை எப்படி அடைப்பது?

ஆங்கிலக் கவிஞர் ஃபிலிப் லார்கினையும் சேர்க்கலாம். 1961இல் எழுதிய 'பெரிய குளிர்ந்த கடை' என்ற கவிதையில் தொழிலாளர்களுக்கான மலிவுத் துணிக்கடை வருகிறது. வேலைக்குப் போடும் சட்டைகளும் கால்சட்டைகளும் குவியல் குவியலாகக் கிடக்க, அதைத் தாண்டினால் பெண்களின் இரவு உடைகள், எலுமிச்சை நிறம், நீலம், பாசிப்பச்சை, ரோஜா. இரண்டு குவியலுக்கும் நடுவில் நின்று யோசிக்கிறார். காதல்தான் அப்படி எட்டாத இடத்தில் இருக்கிறதா, அல்லது நம் இளவயது ஆசைகள்தான் அந்த நைலானைப்போல் செயற்கையா? யாரையும் கேலி செய்யவில்லை. அடுத்த ஆண்டு எழுதிய 'அத்தியாவசிய அழகு' இன்னும் கடுமை. அறை அளவுக்குப் பெரிய விளம்பரப் பலகைகள் தெருமுனைகளை மறைக்கின்றன, சேரிகளை மூடுகின்றன. சாகக் கிடக்கும் புகைப்பிடிப்பவர்களுக்கு விளம்பரத்தில் வந்த அந்தப் பெண் நிழலும் வெயிலும் கலந்த பூங்கா வழியாகத் தங்களை நோக்கி வருவதாகத் தெரிகிறது. எந்தத் தீக்குச்சியாலும் அருகில் கொண்டுவர முடியாதவள், கடைசியில் அடையாளம் கண்டுகொண்டதுபோல் சிரிக்கிறாள். பிறகு இருட்டு.

வாசகத்தொழிலாளி சொன்ன பயத்தின் மறுமுனை இது.

புதுவரவு_27

முதல் பதிவு. நீங்கள் எல்லோரும் நிறையப் படித்தவர்கள், நான் கொஞ்சம்தான். ஆனால் நான் இந்தக் கவிதைகளில் வருகிற ஆள். இரவு தூக்கம் வராவிட்டால் கைபேசியில் கடை ஒன்றைத் திறந்து, கூடையில் பொருள்களைச் சேர்த்துக்கொண்டே போவேன். விளக்கு, திரைச்சீலை, இரண்டு பேருக்கான தேநீர்க் கோப்பைகள். வாங்கமாட்டேன். காலையில் 'உங்கள் கூடையில் பொருள்கள் காத்திருக்கின்றன' என்று செய்தி வரும். வேறு எதுவும் எனக்காகக் காத்திருப்பதாக யாரும் எழுதியதில்லை. இதைக் கேவலமாகச் சொல்லும் கவிதையை நான் படிப்பதில்லை, பாதியிலேயே நகர்ந்துவிடுவேன்.

வாசகத்தொழிலாளி

அந்தச் செய்தியை எழுதுவது என்னைப் போன்ற ஒருவர்தான். 'காத்திருக்கின்றன' என்ற சொல்லைத் தெரிந்தேதான் போடுவோம். இதற்குமேல் இங்கே என்ன சொல்வது என்று தெரியவில்லை.

மழைக்காகிதம்

புதுவரவு, நல்வரவு. நீங்கள் இரவில் செய்வதற்குக் கவிதையில் நீண்ட மரபு இருக்கிறது. பட்டியல் போடுவது. விட்மன் முழுக்கப் பட்டியல்தான்: தச்சர், படகோட்டி, கன்று, கோடாலி, ஆறு, எல்லாம் வரிசையாக வரும், எதுவும் எதற்கும் மேலே இல்லை. கின்ஸ்பெர்க் அந்தக் கடைக்குள் நுழைவதே விட்மனுடைய பட்டியல்களைக் கனவு கண்டுகொண்டுதான். கடையும் பட்டியல்தான் போடுகிறது, ஆனால் அங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு, சீட்டில் ஓர் எண். கவிதை அந்த எண்ணை உரித்துவிட்டுப் பொருளை மட்டும் வைக்கப் பார்க்கிறது. உங்கள் கூடையில் எனக்கு நிற்பது 'இரண்டு பேருக்கான' என்ற சொல். விளக்கும் திரைச்சீலையும் அதற்காகத்தான் இருக்கின்றன.

பட்டியலை எதிர்த்திசையில் பயன்படுத்தியவர் ஆங்கிலக் கவிஞர் ஆடன். 1939இல் எழுதிய 'அடையாளம் தெரியாத குடிமகன்' என்ற கவிதை, அரசு எழுப்பிய பளிங்குச் சின்னத்தின் கல்வெட்டாகப் பேசுகிறது. அவர்மேல் ஒரு புகாரும் இல்லை. நாள்தோறும் பத்திரிகை வாங்கினார், விளம்பரங்களைப் பார்த்துச் சரியாக நடந்துகொண்டார், தவணைத் திட்டத்தின் நன்மைகளை உணர்ந்திருந்தார். கிராமபோன், வானொலி, கார், குளிர்பெட்டி எல்லாம் இருந்தன. அவர் சுதந்திரமாக இருந்தாரா, மகிழ்ச்சியாக இருந்தாரா? அபத்தமான கேள்வி, ஏதாவது குறை இருந்திருந்தால் நமக்குத் தகவல் வந்திருக்கும். திட்டுச் சொல் ஒன்றுகூடக் கிடையாது. அலுவலகக் குரலிலேயே பேசவிட்டு அந்தக் குரலை நடுங்க வைக்கிறார்.

எண்ணும்எழுத்தும்

அந்த அலுவலகக் குரல் இன்று தனிமையையே எண்ணத் தொடங்கிவிட்டது. பிரிட்டன் 2018இல் தனிமைக்கென்று ஓர் அமைச்சரை நியமித்தது, ஜப்பான் 2021இல். கடைகளும் விடவில்லை. நெதர்லாந்தில் ஒரு சூப்பர்மார்க்கெட் குழுமம் 2019இல் அவசரமில்லாதவர்களுக்கு மெதுவான கல்லா ஒன்றைத் தொடங்கியது, காசாளரோடு நின்று பேசலாம். 1916இல் எடுத்ததை நூறு ஆண்டு கழித்துத் திருப்பித் தருகிறார்கள், சலுகையாக. அதில் பேசிவிட்டுப் போகும் முதியவருக்கு அது நல்லதுதான், நான் கேலி செய்ய மாட்டேன்.

சிறகுப்பென்சில்

இந்த இழையைப் படித்துவிட்டு நான் எழுதியது. கிழித்துப் போடலாம்.

*பொருள்களின் பாலைவனத்தில்
மனிதன் தொலைந்தான்
பைகள் நிறைந்தன
நெஞ்சம் காலியானது
அட்டைகள் உரசின
கைகள் உரசவில்லை
ஓ நவீன உலகமே
உன் விலைப்பட்டியலில்
அன்பு எங்கே?*

ஒற்றைவரி

கிழித்தாயிற்று.

அரைப்புள்ளி

'அட்டைகள் உரசின, கைகள் உரசவில்லை' என்ற இடத்தில் ஏதோ இருக்கிறது, அங்கே ஓர் ஆள் தெரிகிறார். மற்றதில் யாரும் இல்லை. எந்தப் பை? யாருடைய நெஞ்சம்? 'மனிதன்' என்று எழுதினால் எழுதுகிறவர் தப்பித்துவிடுகிறார்.

வாசகத்தொழிலாளி

தொழில்முறைக் கருத்து ஒன்று. கடைசி மூன்று அடிகளை எடுத்து, மெல்லிய பியானோ இசை போட்டு, பாட்டியைப் பேத்தி கட்டிப்பிடிக்கும் காட்சியை வைத்து, முடிவில் ஒரு நகைக்கடையின் சின்னத்தைக் காட்டினால் அப்படியே விளம்பரம். நான் பகடி செய்யவில்லை. 'விலைமதிப்பற்றது அன்பு' என்பது எங்கள் கையிருப்பில் அதிகம் தேய்ந்த வாசகம். நுகர்வை எதிர்த்து இப்படி எழுதும்போதெல்லாம் எங்களுக்குத்தான் எழுதித் தருகிறீர்கள்.

கடைசிப்பக்கம்

மேலே நான் சொன்னதை இவர் என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டார், எரிச்சலாக இருக்கிறது.

சிறகுப்பென்சிலுக்கு ஒரு யோசனை. சி. மணியின் 'நரகம்' படித்திருக்கிறீர்களா? 1962இல் 'எழுத்து' இதழில் வந்த நெடுங்கவிதை. ஆங்கிலக் கவிஞர் எலியட்டின் நிழல் விழுந்தது என்று எல்லோரும் சொல்வார்கள், சரிதான். ஆனால் அதில் நகரத்தில் திரிபவனுக்கு ஓர் உடல் இருக்கிறது, வெட்கம் கெட்ட ஆசை இருக்கிறது, அது நிறைவேறாத எரிச்சல் இருக்கிறது. நரகம் வெளியே எங்கோ இல்லை. உங்கள் கவிதையில் பேசுகிறவருக்கு ஒரு பல்வலியாவது கொடுங்கள்.

சிறகுப்பென்சில்

மீண்டும் முயல்கிறேன்.

*அழைப்புமணி.
படியேறி மூச்சு வாங்க ஒருவர்.
நான்கு எண் வந்திருக்கும், சொல்லுங்கள் என்றார்.
ஏழு. சுழியம். இரண்டு. ஒன்பது.
இந்த வாரத்தில்
ஒருவர் முகம் பார்த்து
நான் சொன்ன ரகசியம்.
சரி என்றார்.
பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை.
உள்ளே என்னவென்று
நினைவில்லை.*

புதுவரவு_27

இதைப் படித்து முடித்தேன். நகரவில்லை.

அரைப்புள்ளி

இது வேறு ஆள் எழுதியதுபோல் இருக்கிறது. ஒரே சண்டை: கடைசி மூன்று வரி. 'சரி என்றார்' என்ற இடத்திலேயே முடிந்துவிட்டது. பெட்டியைப் பிரிக்காதது மறுபடியும் பொருளாசைக்குத் தண்டனை கொடுக்கிறது. எண்ணைக் கேட்டதும் சொல்லிவிட்டு அதை ரகசியம் என்று நினைத்துக்கொள்கிற ஆள்தான் கவிதை.

நெய்தல்நிழல்

நான் உடன்படவில்லை. பிரிக்காத பெட்டி இருக்கட்டும். வாங்கியது எதற்கு என்பதற்கு அதுதான் சாட்சி. மணி அடிக்கவேண்டும் என்பதற்காகவே வாங்கியிருக்கிறார்.

மூன்றாம்மாடி

வழக்கமாக இங்கே படிப்பதோடு சரி. அந்தப் பெட்டியைக் கொண்டுவரும் வேலையை நான் செய்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். நீங்கள் இருவரும் பேசுவது வாங்கியவரைப் பற்றி. வந்தவர் 'மூச்சு வாங்க ஒருவர்' என்பதோடு முடிந்துபோகிறார். அவர் அந்த எண்ணை ரகசியமாகக் கேட்கவில்லை. எண்ணை வாங்கினால்தான் அந்த முகவரி கணக்கில் முடியும், கடிகாரம் அடுத்த முகவரிக்கு ஓடும். பல வீடுகளில் முகம் பார்த்ததே இல்லை, கதவு இடுக்கில் கை மட்டும் வரும். சில வீடுகளில் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார்கள். குடிக்க ஆசை இருக்கும், நேரம் இருக்காது, வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்குவோம். எதிரில் நிற்பவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று இந்தக் கவிதையைப் படித்தபிறகுதான் யோசிக்கிறேன்.

நுகர்வு பற்றி இவ்வளவு கவிதைகள் சொன்னீர்கள். ஒன்றிலும் பொருளைச் செய்தவரும் தூக்கிவந்தவரும் பேசவில்லை.

எண்ணும்எழுத்தும்

பேசிய ஒருவர் இருக்கிறார். சூ லிச்சி (1990–2014). சீனாவின் ஷென்சென் நகரில் மின்னணுச் சாதனங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், 24 வயதில் தற்கொலை செய்துகொண்டார். ஒரு கவிதையில் கூடுதல் நேர வேலை நடக்கும் இரவில் தரையில் ஒரு திருகாணி விழுகிறது. யாரும் கவனிக்கவில்லை, இதேபோன்ற ஓர் இரவில் ஒரு மனிதர் விழுந்தபோது கவனிக்காததுபோல். இன்னொன்றில் இரும்பு நிலா ஒன்றை விழுங்கிவிட்டேன், அதை அவர்கள் திருகாணி என்கிறார்கள் என்று தொடங்குவார். நாம் கையில் வைத்துப் படிக்கும் சாதனங்களுக்குள் இருக்கும் அந்தத் திருகாணிதான். தனிமை வாங்குகிறவரிடம் மட்டும் இல்லை, உற்பத்தி வரிசையில் நிற்கிறவரிடமும் இருக்கிறது. அங்கே அதற்குப் பணிநேர அட்டவணை உண்டு.

கடைசிப்பக்கம்

இந்த ஒரு பெயருக்கு எதிராக என்னிடம் வாதம் இல்லை. இவரை விளம்பரத்தில் பயன்படுத்த எந்த நிறுவனமும் முன்வராது.

சிறகுப்பென்சில்

மூன்றாம்மாடி, நன்றி. உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. 'படியேறி மூச்சு வாங்க' என்பது சரியா? கற்பனையில் எழுதியது.

மூன்றாம்மாடி

சரியில்லை. கதவு திறக்கும்போது மூச்சு வாங்கமாட்டோம். மேலே வந்ததும் நின்று ஆற்றிக்கொண்டுதான் மணியை அடிப்போம், இல்லாவிட்டால் சிலர் பயந்துவிடுவார்கள். கண் பெட்டியிலும் கைபேசியிலும் இருக்கும், பாதி நினைப்பு கீழே நிறுத்திய வண்டியில் இருக்கும். முகம் பார்த்துச் சொன்னேன் என்கிறீர்களே, அவர் உங்கள் முகத்தைப் பார்த்திருக்க மாட்டார், எண்ணைத் தட்டிக்கொண்டிருந்திருப்பார்.

அரைப்புள்ளி

'ஒருவர் முகம் பார்த்து' என்ற வரிக்குப் பக்கத்தில் அதை வையுங்கள். இவர் முகத்தைப் பார்க்கிறார், அவர் எண்ணைப் பார்க்கிறார். கடைசி மூன்று வரி தேவையா என்ற சண்டை தானாக முடிந்துவிடும்.

நெய்தல்நிழல்

முடியாது தம்பி. பெட்டி இருக்கட்டும்.

சிறகுப்பென்சில்

மூச்சை எடுத்துவிட்டு வண்டியைச் சேர்க்கப் பார்க்கிறேன். பெட்டியோடு ஒன்று, பெட்டியில்லாமல் ஒன்று, இரண்டையும் ஞாயிற்றுக்கிழமை போடுகிறேன். புதுவரவும் அந்தக் கூடைப் பட்டியலை அப்படியே எழுதிப் போடலாம், எதையும் சேர்க்காமல்.

புதுவரவு_27

விலையோடா, விலை இல்லாமலா?